கொடுப்போரும் கொள்வோரும்: சர்வதேச இலஞ்சம் பற்றிய ஒரு கருத்துநிலை நோக்கு

இலஞ்சம், ஊழல் என்பன பற்றிப் பேசாத அரசியல் மேடை இன்று இல்லை. எழுதாத பத்திரிகையும் இல்லை. ஆயினும் இப்பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் ஒரு திசையிலேயே செல்கின்றன. வாங்கியவர் யார் என்ற வினா உரத்து எழுப்பப்படும் அளவுக்குக் கொடுத்தவர் யார் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. நாட்டு எல்லைகளைக் கடந்து நிகழும் இலஞ்சத்தைப் பொறுத்தவரையில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. வாங்குவோர் வாழும் நாடுகள் ஊழல் மலிந்த நாடுகளென்றும், கொடுப்போர் வாழும் நாடுகள் தூய்மையான நாடுகளென்றும் ஒரு பொதுக் கருத்து நிலைபெற்றுள்ளது. இக்கருத்து எவ்வாறு உருவாயிற்று, அது எந்நலன்களுக்குப் பயன்படுகிறது, ஒரு நாட்டின் சட்டமும் வரிக்கொள்கையும் பிறிதொரு நாட்டு மக்களின் வாழ்வை எவ்வாறு தாக்குகின்றன என்பனவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவன் ஒருவன் இத்தகைய பொருள் பற்றி எழுதுவது பொருத்தமோ எனச் சிலர் வினவக்கூடும். ஒரு செயலுக்கு இடப்படும் பெயரும் அதனை விளக்கக் கையாளப்படும் உருவகமும் வெறும் சொல்லலங்காரங்களல்ல; அவை சமூக உறவுகளின் வெளிப்பாடுகள். அவ்வகையில் இலஞ்சம் பற்றிய சொல்லாடலும் இலக்கிய ஆய்வின் எல்லைக்குள் வருவதே.

1. எண்ணெயும் புற்றுநோயும்

இரண்டாம் உலகப்போரின் பின்னர் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பல அரசியல் விடுதலை பெற்றன. அவற்றின் 'வளர்ச்சி' பற்றி மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலே, சிறப்பாக அமெரிக்காவில், பெருந்தொகையான ஆய்வுகள் வெளிவந்தன. 1964இல் நதானியல் லெவ் என்பார் எழுதிய கட்டுரையொன்று, அதிகாரவர்க்கத்தின் ஊழல் பொருளாதார வளர்ச்சிக்குத் துணைசெய்யக்கூடும் என வாதித்தது. 1968இல் சாமுவேல் ஹண்டிங்டன் மாறிவரும் சமூகங்களின் அரசியல் ஒழுங்கு பற்றி எழுதிய நூலில், இறுகிய, மையப்படுத்தப்பட்ட, நேர்மையான நிர்வாகத்தைவிட, அதே அளவு இறுகியதாயினும் நேர்மையற்ற நிர்வாகம் வளர்ச்சிக்கு ஏற்றதாகலாம் என்ற கருத்தை முன்வைத்தார். இவ்வகை எழுத்துக்களில் இலஞ்சம் பொறியின் சக்கரங்களை உருளவைக்கும் எண்ணெயாக உருவகிக்கப்பட்டது.

அதே 1968இல் வெளியான 'ஆசிய நாடகம்' என்ற பெருநூலில் குன்னார் மிர்டால் இக்கருத்தினை மறுத்தார். தென்னாசிய நாடுகளின் ஊழல் பற்றிப் பேசுவதே நாகரிகமற்றதெனக் கருதி ஆய்வாளர் ஒதுங்கிக்கொள்வதை அவர் கண்டித்தமை குறிப்பிடத்தக்கது. ஊழல் பற்றி மக்களிடையே வழங்கும் கதைகளும் நம்பிக்கைகளும் ஒருவகை 'நாட்டார் வழக்காறு' ஆகிவிடுகின்றன என்றும், அவ்வழக்காறே ஊழலை வளர்க்கும் சக்தியாகிவிடுகிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். இக்கருத்துக்குப் பின்னர் மீளவேண்டியிருக்கும்.

1996இல் உலக வங்கியின் தலைவராயிருந்த ஜேம்ஸ் வுல்ஃபென்சன் ஊழலைப் புற்றுநோய் என்று வருணித்தார். முப்பது ஆண்டுகளுக்குள் எண்ணெய் புற்றுநோயாயிற்று. இம்மாற்றத்திற்கு ஒழுக்கவுணர்வு திடீரென விழித்தெழுந்தமை காரணமன்று. முந்திய காலத்தில் புதிய அரசுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடு, உரிமப்பத்திரம், தேசியமயம் என்பன மேனாட்டு மூலதனத்துக்குத் தடைகளாயிருந்தன; அத்தடைகளைக் கடக்க இலஞ்சம் உதவிற்று. தொண்ணூறுகளிலோ சோவியத் ஒன்றியம் வீழ்ந்துவிட்டது, சந்தைகள் திறக்கப்பட்டன, அரசுடைமைகள் விற்பனைக்கு வந்தன. திறந்த சந்தையில் இலஞ்சம் கணக்கிட முடியாத செலவாகவும் போட்டியாளனின் இரகசிய ஆயுதமாகவும் தோன்றலாயிற்று. உருவகம் மாறியமை மூலதனத்தின் தேவை மாறியமையைப் புலப்படுத்துவதாகவே கொள்ளத்தக்கது.

எனினும் இரு உருவகங்களுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. எண்ணெய் இடப்படும் பொறியும் நோய்வாய்ப்பட்ட உடலும் மூன்றாம் உலக நாடுகளே. எண்ணெய் வார்க்கும் கை எங்கிருந்து நீள்கிறது என்பதை இரண்டுமே காட்டுவதில்லை.

2. ஆர்க்காட்டுக் கடனும் 'புவியியல் ஒழுக்கமும்'

அக்கை புதியதன்று. 1757இல் பிளாசிப் போரின் பின்னர் மீர் ஜாபரிடமிருந்து கிளைவ் பெற்ற 'அன்பளிப்பு' 234,000 பவுண். 1757க்கும் 1766க்கும் இடையில் கிழக்கிந்தியக் கம்பனியும் அதன் ஊழியரும் இந்தியரிடமிருந்து அன்பளிப்பாகப் பெற்றவை 60 இலட்சம் பவுண் எனப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட பட்டியலொன்றினை மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதலாம் பாகத்தில் எடுத்தாள்கிறார். மூலதனத்தின் பூர்வீகத் திரட்சி பற்றிய பகுதியில் அவர் இதனைக் கூறியுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. இலஞ்சம் அவருக்குத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடு மட்டுமன்று. செல்வம் ஒரு சமூகத்திலிருந்து பிறிதொன்றுக்குப் பெயர்க்கப்படும் வழிகளுள் ஒன்று.

தமிழகத்தின் வரலாற்றிலும் இதற்குத் தெளிவான சான்று உண்டு. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, கம்பனியின் ஊழியரிடமே தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குக் கடன்பட்டார். கடனுக்கு ஈடாகக் கிராமங்களின் நிலவரி எழுதிக்கொடுக்கப்பட்டது. சென்னையிலிருந்த கம்பனி ஊழியரான போல் பென்பீல்ட் இத்தகைய கடன்கொடுத்தோருள் முதன்மையானவர். 1773இல் நவாபும் கம்பனிப் படையும் தஞ்சையைக் கைப்பற்றினர். 1776இல் ஆளுநர் பிகொட் தஞ்சையை அதன் மன்னருக்கு மீள அளிக்க முற்பட்டபோது, தஞ்சையின் வருவாய்மீது தமக்கு உரிமையுண்டெனப் பென்பீல்ட் கோரினார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆளுநரையே அவரது சபையின் பெரும்பான்மையினர் சிறைப்படுத்தினர். 1777இல் பிகொட் காவலிலேயே இறந்தார். காவிரிப் படுகையின் விவசாயி விளைவித்த நெல், இலண்டனிலே பாராளுமன்ற ஆசனங்களாக உருமாறியது. பென்பீல்டும் பாராளுமன்ற உறுப்பினரானார். 1785இல் எட்மண்ட் பேர்க் இக்கடன்கள் பற்றிப் பாராளுமன்றத்தில் நிகழ்த்திய உரை பெயர்பெற்றது.

1788இல் வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது குற்றப் பிரேரணையைத் தொடங்கிவைத்தபோது, ஐரோப்பாவில் குற்றமாகும் செயல் ஆசியாவில் குற்றமாகாது என்ற எதிர்வாதத்தினைப் பேர்க் 'புவியியல் ஒழுக்கம்' என்று பெயரிட்டு மறுத்தார். பேர்க் பழைமை பேணிய சிந்தனையாளரே. பிரெஞ்சுப் புரட்சியின் கடும் எதிரி. ஆயினும் அவர் இட்ட பெயர், அவருக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் நிலவிய நடைமுறையொன்றினைச் சரியாகவே சுட்டிற்று. ஹேஸ்டிங்ஸ் 1795இல் விடுவிக்கப்பட்டார்.

3. லொக்ஹீட் விவகாரம்

இருபதாம் நூற்றாண்டில் இந்நடைமுறையை உலகறியச் செய்தது லொக்ஹீட் விவகாரம். அமெரிக்க விமான உற்பத்தி நிறுவனமான லொக்ஹீட் நெருக்கடியில் வீழ்ந்தபோது 1971இல் அமெரிக்க அரசு 25 கோடி டொலர் கடனுக்கு உத்தரவாதமளித்து அதனைக் காப்பாற்றியது. செனட் உறுப்பினர் பிராங்க் சேர்ச் தலைமையில் பல்தேசியக் கம்பனிகளை விசாரித்த உபகுழு, 1976 பெப்ரவரியில் இந்நிறுவனம் வெளிநாடுகளில் வழங்கிய பணம் பற்றிய சான்றுகளை வெளியிட்டது. பணம் சென்ற இடங்கள் கவனத்துக்குரியன. யப்பானில் வலதுசாரித் தீவிரவாதியான யோஷியோ கொடாமா இரகசிய முகவராகச் செயற்பட்டார். மருபெனி என்ற வர்த்தக நிறுவனத்தின் ஊடாக 50 கோடி யென் பிரதமர் ககுவெய் தனாகாவுக்குச் சென்றது. நெதர்லாந்தில் அரசியாரின் கணவரான இளவரசர் பேர்ண்ஹார்ட்டின் பெயர் வெளிவந்தது. அவர் தாம் வகித்த பொதுப் பதவிகளைத் துறக்க நேர்ந்தது. இத்தாலியில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஒருவர் 1979இல் தண்டிக்கப்பட்டார்.

ஊழல் கீழைத்தேயப் பண்பாட்டின் விளைவு என்ற விளக்கம் இங்கே தகர்ந்துவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமும் உரோமும் கீழைத்தேயங்களல்ல. மூன்று நாடுகளுக்கும் பொதுவாயிருந்தவை விமான விற்பனையும் அதற்கான ஏகபோகப் போட்டியுமே.

யப்பானில் கைமாறிய பணத்திற்கு எழுதப்பட்ட பற்றுச்சீட்டுகளில் 'நிலக்கடலை' எனக் குறிக்கப்பட்டிருந்தது. நூறு நிலக்கடலை என்றால் பத்துக் கோடி யென். இலஞ்சம் தன் பெயரால் தன்னை அழைத்துக்கொள்வதில்லை. முகவர் கட்டணம், ஆலோசனைக் கட்டணம், சந்தைப்படுத்தல் செலவு எனப் பல பெயர்களில் அது கணக்கேட்டில் வாழ்கிறது.

தனாகா 1976 யூலையில் கைதுசெய்யப்பட்டு, 1983 ஒக்டோபரில் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டார். மேன்முறையீடு முடிவுறுமுன் 1993இல் காலமானார். அமெரிக்காவிலோ, கொடுத்த நிறுவனத்தின் தலைவர்கள் பதவி விலகினர்; வெளிநாட்டு உத்தியோகத்தருக்கு இலஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் அப்போது அங்கு இருக்கவில்லை. இதற்கிடையில் நானூறுக்கு மேற்பட்ட அமெரிக்கக் கம்பனிகள் 30 கோடி டொலருக்கு மேற்பட்ட ஐயத்துக்குரிய கொடுப்பனவுகளைத் தாமாகவே ஒப்புக்கொண்டன. இதன் விளைவாக 1977 டிசெம்பரில் வெளிநாட்டு ஊழல் நடைமுறைகள் சட்டம் நிறைவேறியது. உலகில் இவ்வகையில் அதுவே முதற் சட்டம். வியட்நாம் தோல்வி, வாட்டர்கேற், சிலியில் பல்தேசியக் கம்பனிகளின் தலையீடு என்பவற்றால் அமெரிக்க மக்களிடையே எழுந்த வெறுப்பின் பின்னணியில் அது பிறந்தது என்பதையும் மறத்தலாகாது. சட்டங்கள் ஆளும் வர்க்கத்தின் கருவிகள் என்பது உண்மை. அவை மக்களின் நிர்ப்பந்தத்தால் பெறப்படும் சலுகைகளுமாகும் என்பதும் உண்மை.

4. ஒரு நாட்டின் கொள்கை, பிறிதொரு நாட்டின் கேடு

அமெரிக்கச் சட்டத்தை ஏனைய முதலாளித்துவ நாடுகள் பின்பற்றவில்லை. மாறாக, ஜேர்மனியில் வெளிநாட்டு உத்தியோகத்தருக்குக் கொடுத்த இலஞ்சத்தை வியாபாரச் செலவாகக் காட்டி 1999 வரை வரிவிலக்குப் பெற முடிந்தது. 'பயனுள்ள செலவினங்கள்' என்பது அதற்கு வழங்கிய பெயர். பிரான்சு முதலிய வேறு நாடுகளிலும் இத்தகைய நடைமுறை இருந்தது. உள்நாட்டு உத்தியோகத்தருக்குக் கொடுத்தால் சிறை. வெளிநாட்டு உத்தியோகத்தருக்குக் கொடுத்தால் வரிச்சலுகை. பேர்க் கண்டித்த புவியியல் ஒழுக்கம் நவீன வரிச்சட்டத்தில் இவ்வாறு இடம்பெற்றது.

இதன் பொருளியல் உட்பொருளை நோக்குதல் அவசியம். கம்பனி நூறு கொடுத்தால், வரிக்கழிவின் மூலம் அதிலொரு பங்கை அந்நாட்டுத் திறைசேரி ஏற்கிறது. எஞ்சியதை ஏற்பவர் யார்? இலஞ்சத் தொகை ஒப்பந்த விலையினுள் சேர்க்கப்படுகிறது. அவ்விலையைச் செலுத்த வாங்கும் நாடு கடன் பெறுகிறது. கடனுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டின் கடன் உத்தரவாத நிறுவனம் பொறுப்பேற்பதும் வழக்கம். ஈற்றில் அத்தொகை வட்டியுடன் வாங்கிய நாட்டு மக்களின் வரியாகவும் விலையேற்றமாகவும் திரும்பி வருகிறது. உத்தியோகத்தர் ஒருவரின் மேசையில் கொடுக்கப்படும் சிறு இலஞ்சம் ஒரு சமூகத்துக்குள்ளேயே கைமாறும் பணம். எல்லை கடந்த இலஞ்சமோ, மக்களின் உழைப்பிலிருந்து உறிஞ்சப்பட்ட உபரியை வெளிநாட்டு மூலதனமும் உள்நாட்டுத் தரகு வர்க்கமும் பகிர்ந்துகொள்ளும் முறை. வாங்கியவரின் பங்கும் பெரும்பாலும் நாட்டில் தங்குவதில்லை. இரகசியம் பேணும் வெளிநாட்டு வங்கிகளையே சென்றடைகிறது.

அமெரிக்கக் கம்பனிகள் தமது போட்டியாளருக்குக் கட்டுப்பாடில்லை என முறையிட்டன. 1988இல் சட்டம் திருத்தப்பட்டபோது ஏனைய நாடுகளுடன் உடன்பாடு காணுமாறு சனாதிபதி பணிக்கப்பட்டார். 1997 டிசெம்பரில் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் நாடுகள் இலஞ்ச எதிர்ப்புச் சமவாயத்தில் கைச்சாத்திட்டன. 1999 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வாங்குவோர் நாட்டு மக்களைக் காத்தலைவிட விற்போரிடையே போட்டியைச் சமப்படுத்தலே இதன் பிறப்புக்கு நேரடிக் காரணம் எனலாம். ஆயினும் அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுதலும் தவறு. 2008 டிசெம்பரில் சீமென்ஸ் நிறுவனம் அமெரிக்க, ஜேர்மானிய அதிகாரிகளுக்கு ஏறத்தாழ 160 கோடி டொலர் செலுத்த உடன்பட்டமை, சட்டம் மாறியமையால் நிகழ்ந்ததே. அந்நிறுவனத்தின் வங்காளதேச, ஆர்ஜென்ரீன, வெனிசுவேலாக் கிளைகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டன.

சமவாயத்தின் எல்லைகளைப் பிரித்தானியா புலப்படுத்திற்று. விசாரணைகளில் தேசியப் பொருளாதார நலனோ பிறநாட்டு உறவோ செல்வாக்குச் செலுத்தலாகாது என அதன் ஐந்தாம் உறுப்புரை கூறுகிறது. 1985இல் தொடங்கிய சவூதி அரேபிய ஆயுத ஒப்பந்தம் தொடர்பாக பிஏஈ நிறுவனம்மீது நடந்த விசாரணை 2006 டிசெம்பரில் நிறுத்தப்பட்டது. தேசியப் பாதுகாப்பு எனக் காரணம் கூறப்பட்டது. 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இந்நிறுத்தம் சட்டத்துக்கு முரணானதெனத் தீர்த்தது. யூலையில் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. பொருளாதார நலன் என்ற சொல் தடுக்கப்பட்டபோது தேசியப் பாதுகாப்பு என்ற சொல் அதன் பணியை ஏற்றுக்கொண்டது.

5. எண்ணத்தை அளத்தல்

1993இல் பேர்லினில் தொடங்கப்பட்ட சர்வதேச வெளிப்படைத்தன்மை அமைப்பு, 1995 முதல் ஊழல் பற்றிய எண்ணச் சுட்டெண்ணை வெளியிட்டு வருகிறது. இது ஊழலின் அளவன்று. ஊழல் பற்றிய எண்ணத்தின் அளவு. எவருடைய எண்ணம்? வணிகத்துறையினரும் நாடுகளை மதிப்பிடும் நிபுணரும் வழங்கிய மதிப்பீடுகளின் தொகுப்பே அது. அளக்கப்படுவதும் அரசுத்துறை ஊழல் மட்டுமே. 2024ஆம் ஆண்டுக்கான சுட்டெண்ணில் டென்மார்க் நூற்றுக்கு 90 புள்ளிகளையும் சுவிற்சர்லாந்து 81 புள்ளிகளையும் இலங்கை 32 புள்ளிகளையும் பெற்றன. சுவிற்சர்லாந்தில் உத்தியோகத்தர் இலஞ்சம் கேட்பது அரிது என்பது உண்மையாகலாம். பிறநாட்டு ஆட்சியாளர் திருடிய பணத்துக்கு அந்நாட்டு வங்கிகள் நெடுங்காலம் அடைக்கலமளித்தமை இச்சுட்டெண்ணிற் புலப்படாது.

அவ்வமைப்பு கொடுப்போரைப் பற்றியும் ஒரு சுட்டெண்ணை 1999 முதல் வெளியிட்டது. 2011இன் பின்னர் அது வெளிவரவில்லை. கொள்வோரின் சுட்டெண் ஆண்டுதோறும் தலைப்புச் செய்தியாகிறது. மிர்டால் கூறிய நாட்டார் வழக்காறு இப்போது எண்வடிவம் பெற்றுள்ளது. கதை எண்ணாகும்போது அதற்கு விஞ்ஞானத்தின் மதிப்புக் கிடைத்துவிடுகிறது. முதலீட்டாளரும் கடன்கொடுப்போரும் அதனைக் கையிற்கொண்டு பேரம்பேச முடிகிறது.

1960இல் வெளிவந்த சினுவா அச்செபேயின் 'நோ லோங்கர் அட் ஈஸ்' என்ற நாவல் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கற்ற இளைஞனான ஓபி இலஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக விசாரிக்கப்படுவதோடு நாவல் தொடங்குகிறது. அவனுடைய ஆங்கில மேலதிகாரி, ஆபிரிக்கன் இயல்பிலேயே ஊழல் மிக்கவன் என்றும் காலநிலையும் நோயுமே காரணம் என்றும் விளக்கமளிக்கிறான். நாவலின் எஞ்சிய பகுதி முழுவதும் அவ்விளக்கத்துக்கான மறுப்பாகவே அமைந்துள்ளது. கல்விக்காகப் பட்ட கடன், காலனித்துவப் பதவி வேண்டிநிற்கும் வாழ்க்கைப் பாணி, குடும்பப் பொறுப்பு என்பன படிப்படியாக ஓபியை நெருக்குகின்றன. அச்செபே அவனை மன்னிப்பதில்லை. ஆனால் அவனை விளக்குகிறார். விளக்குவதும் மன்னிப்பதும் வேறு என்பதை இலக்கியம் எமக்குக் கற்பிக்கிறது.

6. எமது அனுபவம்

2020 சனவரி இறுதியில் எயர்பஸ் நிறுவனம் பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அதிகாரிகளுடன் உடன்பாடு கண்டு ஏறத்தாழ 360 கோடி யூரோ செலுத்த இணங்கியது. பிரித்தானிய நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட விவரக்கூற்றில் மலேசியா, தாய்வான், இந்தோனேசியா, கானா என்பவற்றுடன் இலங்கையும் இடம்பெற்றது. எமது தேசிய விமானசேவை பத்து விமானங்களை வாங்கவும் மேலும் நான்கைக் குத்தகைக்குப் பெறவும் செய்த உடன்பாடு தொடர்பாக, அதன் நிர்வாகி ஒருவரின் மனைவியோடு தொடர்புடைய, புரூணையில் பதிவான கம்பனியொன்றுக்கு 1 கோடி 68 இலட்சம் டொலர் வரை வழங்க முன்வந்து, 20 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டதாக அக்கூற்றுக் குறிப்பிட்டது.

இருபது இலட்சம் டொலர் கைமாறிய நாடு இலங்கை. அபராதத்தைப் பகிர்ந்துகொண்டவை மூன்று செல்வந்த நாடுகளின் திறைசேரிகள். விமானசேவையின் நட்டத்தையும் கடனையும் சுமந்தவர்கள் இந்நாட்டின் உழைக்கும் மக்கள். 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றவர்களும் அவர்களே.

இதனாற் குற்றம் முழுவதையும் வெளியார்மீது சுமத்திவிட முடியுமா? முடியாது. ஏகாதிபத்தியத்தைச் சாடுவதன் மூலம் உள்நாட்டு ஆளும் வர்க்கத்தைக் காப்பாற்றுவது எமது அரசியலிற் பழகிப்போன உபாயம். கொடுக்கும் கை வெளிநாட்டினதாயினும் நீட்டிய கை எம்மவரதே. 1954 முதல் இலஞ்சச் சட்டமும் 1994 முதல் நிரந்தர ஆணைக்குழுவும் இந்நாட்டில் இருந்துள்ளன. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம் நடைமுறையிலிருக்கையில் 2023இல் புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆயினும் எயர்பஸ் விவகாரத்தின் விவரங்களை எமக்கு அளித்தது இலண்டன் நீதிமன்றமே. எமது பாராளுமன்றமோ தொழிற்சங்கங்களோ ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் அதன் விலையையும் முகவரையும் அறியக்கூடிய நிலை இருக்கவில்லை.

7. முடிவுரை

2025 பெப்ரவரி 10ஆம் திகதி அமெரிக்க சனாதிபதி, 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான புதிய நடவடிக்கைகளை 180 நாட்களுக்கு இடைநிறுத்துமாறு கட்டளையிட்டார். அமெரிக்கக் கம்பனிகளின் போட்டித்திறன் பாதிக்கப்படுகிறது என்பதே கூறப்பட்ட காரணம். யூன் மாதத்தில் வெளியான வழிகாட்டுநெறிகளோடு நடவடிக்கைகள் மீளத் தொடங்கினவாயினும், அமெரிக்கக் கம்பனிகளின் வாய்ப்பைப் பறிக்கும் இலஞ்சத்துக்கு முன்னுரிமை என்ற அளவுகோல் வகுக்கப்பட்டது. 1980களின் வாதம் புத்துயிர் பெற்றுள்ளது. வாசிங்டனில் இடப்பட்ட ஒரு கையொப்பம் டாக்காவிலும் அக்ராவிலும் கொழும்பிலும் நடக்கும் கேள்விப்பத்திரப் பேரங்களைத் தொடுகிறது. அங்கு வாழும் மக்களிடம் அதுபற்றி எவரும் கேட்பதில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, எல்லை கடந்த இலஞ்சம் ஓர் உறவு. அதன் ஒரு முனையை மட்டும் நோக்கும் ஆய்வு அரை உண்மையையே தரும். இரண்டாவது, வலிய நாடுகளின் சட்டங்களில் எமது பாதுகாப்பைத் தேடுவது நிலையற்றது. அவை அந்நாடுகளின் வணிக நலனுக்கேற்ப இறுகியும் நெகிழ்ந்தும் வருவன. மூன்றாவது, எம்மைப் பற்றி எழுதப்படும் எண்களுக்கு நாணுவதைவிட, எமது பெயரில் எழுதப்படும் ஒப்பந்தங்களை வாசிக்கும் உரிமையைக் கோருவதே பயனுடையது. விலை, முகவர், கடன் நிபந்தனை என்பவற்றைக் கைச்சாத்துக்கு முன் பகிரங்கப்படுத்துதல், சம்பந்தப்பட்ட துறையின் தொழிலாளர் பிரதிநிதிகள் அவற்றைப் பரிசீலித்தல், வெளிநாட்டில் அறவிடப்படும் அபராதத்தில் பாதிக்கப்பட்ட நாட்டுக்குரிய பங்கினைக் கோருதல் என்பன உடனடிக் கோரிக்கைகளாக அமையலாம்.

தஞ்சை விவசாயிக்குத் தன் நெல் எங்கே சென்றதென்று தெரியாது. அதை அறிவிக்கும் ஏடு அவன் மொழியில் இருக்கவில்லை. இன்று விவரங்கள் கிடைக்கின்றன. அவற்றை மக்கள் மொழியில் மக்களிடம் கொண்டுசெல்லும் பொறுப்பிலிருந்து பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களும் விலகிநிற்க முடியாது.